தங்கமீன் பவுடர்

மீனுக்கு வைத்தியம் பார்க்கச் சொன்னால் எங்கள் தோட்டத்து டிரெஸ்ஸர் ராஜசேகரன் கெட்டிக்காரர். மனுஷனுக்குப் பார்க்கச் சொன்னால்தான் அவருக்குக் கை ஓடாது, கண் தெரியாது, காதும் கேட்காது. நான் ஏதோ வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். வயிற்றெரிச்சல் இருக்கத்தான் செய்கிறது.

லாயாங் லாயாங் ரயில் நிலையத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில் எங்கள் ரப்பர் தோட்டம். அதில் ஓர் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரு மேசை, சில பெரிய பாட்டில்கள். சிவப்புத் தண்ணீர் இருமலுக்கு, வெள்ளைத் தண்ணீர் வயிற்றுக்கு, மற்ற எல்லாவற்றுக்கும் பழுப்புத் தண்ணீர். அந்த மேசைக்குப் பின்னால் கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக ராஜசேகரன் உட்கார்ந்திருப்பார். சிங்கப்பூரில் படித்துப் பாஸ் பண்ணியதாகச் சொல்வார். என்ன படித்தார், எதில் பாஸ் பண்ணினார் என்று கேட்கும் தைரியம் எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்தில் ஒருவருக்கும் இல்லை. டிரெஸ்ஸர் என்று கூப்பிட்டால் முகம் சுருங்கும். டாக்டர் ஐயா என்று கூப்பிட்டால் பாட்டில் கொஞ்சம் தாராளமாகச் சாயும்.

யாரையும் தொடமாட்டார். வாசற்படியிலேயே நிறுத்தி, "நாக்க நீட்டு" என்பார். அங்கிருந்தபடியே பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போ" என்பார். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நாங்கள் வரிசையாக நிற்கும்போது மட்டும் பக்கத்தில் வருவார். குளிர்காய்ச்சல் அண்டாமல் இருக்க எல்லோர் வாயிலும் கொய்னாத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது வெள்ளைக்காரத் துரையின் சட்டம். அந்தக் கசப்பு உச்சிவேளை வரைக்கும் தொண்டையில் நிற்கும். நாங்கள் பாதியை மரத்தடியில் துப்பிவிடுவோம். அவரும் கண்டும் காணாதவர் போல அடுத்த வாய்க்குப் போய்விடுவார்.

நான் பங்களாவில் வேலை செய்தவள். பெயர் செல்லம். பெருக்குவது, துணி துவைப்பது, கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டியில் மீனுக்குத் தண்ணீர் மாற்றுவது எல்லாம் என் வேலை. அது துரைசானியின் தொட்டி. எருமையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிது. உள்ளே தங்கமீன்கள். துரைசானிக்கு அவை பிள்ளைகள் மாதிரி. அவற்றுக்கு என்னென்ன நோய் வரும், என்ன மருந்து என்று தடித்தடிப் புத்தகங்கள் வைத்திருந்தாள். மருந்து கலக்கிக் கொடுக்க டிரெஸ்ஸரை அழைப்பாள். லயத்துக்கு வராத மனுஷன் அங்கே ஓடோடி வருவார். நாங்களெல்லாம் பின்வாசல் வழியாகப் போகிறவர்கள். மீனுக்குக் காய்ச்சல் என்றால் அவருக்கு முன்வாசல், நாற்காலி, தேத்தண்ணி. அந்த நாற்காலிக்காகவே அவர் மீன் வைத்தியத்தை ஊன்றிக் கற்றுக்கொண்டார். நன்றாகவே கற்றுக்கொண்டார், அதில் நான் குறை சொல்லமாட்டேன்.

வால் அழுகினால் ஊதாத் தண்ணீரில் முக்கி எடுப்பார். உடம்பில் பஞ்சு மாதிரி பூத்தால் உப்புத் தண்ணீர். வயிறு ஊதி, செதிலெல்லாம் பலாப்பழ முள் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றால் உதட்டைப் பிதுக்குவார். "இது தேறாது மேடம்" என்று துக்கம் விசாரிக்க வந்தவர் போலச் சொல்வார். எங்கள் லயத்தில் வயிறு ஊதிச் செத்தவர்களுக்கு அந்தக் குரலில் ஒரு வார்த்தை கிடைத்ததில்லை.

ஜப்பான்காரன் வந்தான். துரையும் துரைசானியும் காரில் ஏறிச் சிங்கப்பூருக்குப் பறந்தார்கள். மீன்களையும் எங்களையும் விட்டுவிட்டுத்தான் போனார்கள். சிப்பாய்கள் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து அலமாரியைக் காலி செய்தார்கள். வெறும் அலமாரிக்கு முன்னால் நின்று ராஜசேகரன் தலையில் அடித்துக்கொண்டார். "கொய்னா மொத்தத்தயும் வாரிட்டுப் போயிட்டானுங்க. இனிமே காய்ச்சல் வந்தா கடவுள்தான்" என்றார். நாங்களும் அவருக்காக இரக்கப்பட்டோம். எங்கள் இரக்கத்தைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பங்களாவில் மொரிதா என்ற அதிகாரி குடியேறினான். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஆள் பிடித்துக் கொடுப்பது அவன் வேலை. வணக்கம் சரியாகக் குனிந்து சொல்லாதவன் கன்னத்தில் அறைவான். அப்படிப்பட்டவன் கூடத்தில் தங்கமீன்களைப் பார்த்ததும் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். கண்ணாடியில் விரலை வைத்து அவற்றோடு பேசினான். அவன் ஊரில் சின்னப் பிள்ளைகூட தங்கமீன் வளர்க்குமாம். வளர்க்கட்டும், யார் வேண்டாம் என்றது.

கொஞ்ச காலத்தில் சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்றார்கள். என் தங்கை சொர்ணத்தின் புருஷன் வேலுவை லாரியில் ஏற்றிப் போனார்கள். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. வேலு போன பிறகு சொர்ணம் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பிடவும் என்ன இருந்தது, மரவள்ளிக் கிழங்குதான். அதற்குப் பிறகு காய்ச்சல் பிடித்துக்கொண்டது. ஒருநாள் கிடுகிடுவென்று நடுங்குவாள், ஒருநாள் சும்மா கிடப்பாள், மறுபடி நடுங்குவாள். எத்தனை சாக்கு போட்டு மூடினாலும் பல் அடிக்கும். நடுக்கம் நின்றதும் உடம்பு கொதிக்கும். வேலு பக்கத்தில் இருக்கிற மாதிரி அவனிடம் ஏதேதோ பேசுவாள். வரவரக் கண் மஞ்சளாகி, எழுந்து உட்காரவும் முடியாமல் போயிற்று.

டிரெஸ்ஸரிடம் ஓடினேன். "மருந்துக்கு எங்க போறது? எல்லாத்தயும் ஜப்பான்காரன் கொண்டு போயிட்டான்னு சொன்னேன்ல? பப்பாளி எல அரைச்சிக் குடு" என்றார். கொடுத்தேன். பப்பாளி இலைக்கு அந்தக் காய்ச்சல் கட்டுப்படவில்லை. என் தங்கை என் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து மொரிதா குளுவாங்கில் யாரோ ஒரு சீனன் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு கறுப்புத் தங்கமீனைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். வந்த வேகத்தில் மற்ற மீன்களோடு போட்டுவிட்டான். பிறகு மீன்கள் கல்லில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தன. அடுத்து, செட்டையிலும் முதுகிலும் ரவையைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

சமையல்காரன் வீரமுத்துதான் முதலில் பார்த்தான். "ஐயோ அக்கா, மீனுக்கு அம்மை போட்டிருக்கு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். கோயிலிலிருந்து வேப்பிலை ஒடித்து வந்து தொட்டியைச் சுற்றிச் செருகினான். ஆத்தா வந்திருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்று மொரிதாவுக்குப் பொரியலும் வறுவலும் நிறுத்தி அவித்ததாகவே போட்டான். ஜப்பான்காரன் வேப்பிலையைத் தோட்டத்து அலங்காரம் என்று நினைத்துத் தலையை ஆட்டினான். ஆத்தா தானாக இறங்கிப் போவாள் என்று நாங்கள் காத்திருந்தோம். புள்ளிதான் பரவியது. ஒரு மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

மொரிதா அதைச் செம்பருத்திச் செடிக்கடியில் புதைத்து, ஊதுபத்தி கொளுத்தி, குனிந்து கும்பிட்டான். அந்த மாதம் லயத்தில் செத்தவர்களைப் பாயில் சுருட்டித்தான் எடுத்துப் போனோம். பிறகு டிரெஸ்ஸருக்கு ஆள் போனது.

வந்தார் ராஜசேகரன். அரைப்பட்டினிக் காலத்திலும் கால்சட்டைக்குக் கஞ்சி போட்டிருந்தார். பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு மீனாகப் பார்த்தார். தொட்டிக்குள் கையை விட்டு ஒன்றை உள்ளங்கையில் ஏந்தி, செவுளை நகத்தால் மெல்லத் தூக்கிப் பார்த்தார். பிறந்த குழந்தையைக் கூட நான் அவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை. என் தங்கையின் கையை ஒருநாள் பிடித்துப் பார்த்திருப்பாரா இந்த மனுஷன்!

"வெள்ளைப் புள்ளி நோவு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள்ள பூந்திருக்கு. செவுளுக்குள்ள போயிட்டா மூச்சு முட்டிச் செத்துரும்" என்று எங்களிடம் தமிழில் அளந்துவிட்டு, அதையே மலாயில் மொரிதாவிடம் சொன்னார். புது மீனைத் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும் என்று துரைசானி காலத்திலேயே அவருக்குத் தெரியும். நோய் எதில் வந்தது என்றும் தெரியும். மொரிதா, "ஏன் வந்தது?" என்று கேட்டதும் அவர் கண் கறுப்பு மீன் பக்கம் போய், அங்கே நிற்காமல் நகர்ந்து என்மேல் வந்து உட்கார்ந்தது.

"இவதான் துவான். சவுக்காரக் கையைத் தண்ணியில விட்டுட்டா."

மொரிதா விட்ட அறையில் எனக்குக் காது இரைந்தது. ராஜசேகரன் தொப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மொரிதா அவர் பக்கமும் திரும்பி, தொட்டியைக் காட்டினான். "இக்கான் மாத்தி, லு சயாம்!" என்றான். மீன் செத்தால் நீ சயாமுக்கு. அந்த மட்டில் நியாயமான ஆள். டிரெஸ்ஸர் கஞ்சி போட்ட கால்சட்டையோடு இடுப்பை வளைத்துக் கும்பிட்டார்.

மறுநாள் ஒரு நீலப் பாட்டிலோடு வந்தார். "தங்கமீன் பவுடர். இங்கிலாந்திலேருந்து துரைசானி வரவழைச்சது. மீனுக்குன்னே செஞ்சது. கரைச்சுக் கொண்டாந்திருக்கேன்" என்றார். மொரிதா பாட்டிலை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். டிரெஸ்ஸர் அளந்து அளந்து தொட்டியில் ஊற்றினார். மோசமாக இருந்த கறுப்பு மீனை மட்டும் எடுத்துப் பின்கட்டில் ஒரு மண்ஜாடியில் போட்டார். அதற்குத் தனி வார்டு. "இந்த ஜாடித் தண்ணி ஒரு சொட்டுகூட பெரிய தொட்டியில விழக் கூடாது. நோவு அத்தனையும் இதோட அடியிலதான் ஒக்காந்திருக்கும்" என்று என்னை எச்சரித்தார். தினம் தொட்டியில் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு மழைத்தண்ணீர் விட வேண்டும், பிறகு மருந்து என்றார்.

"எத்தன நாளைக்குங்க ஐயா?"

"புள்ளி மறைஞ்ச பிறகும் ஊத்தணும். மறைஞ்சிட்டா போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. அடியில போயி பெருகித் திரும்ப வரும். அறிவில்லாதவன்தான் அதுக்குள்ள மருந்த நிறுத்துவான்."

காலிப் பாட்டிலைக் கழுவ என்னிடம் கொடுத்தார். அதன் வாயில் ஒரு சொட்டு நின்றது. ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

அந்தக் கசப்பை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லயத்தில் பல் முளைத்த பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

கொய்னா! ஒளித்து வைத்திருந்திருக்கிறான் படுபாவி. வாசற்படியில் நின்று நான் கெஞ்சியபோது உள்ளே டின்னில் இருந்திருக்கிறது. தன் உடம்புக்கு வேண்டுமே என்று பதுக்கி வைத்தது, சயாம் பயத்தில் மீனுக்கு வெளியே வந்திருக்கிறது. அவரைக் கொன்றுபோடலாம் போல இருந்தது எனக்கு. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"ஐயா, மீனுக்கு இருக்குதே, எங்க சொர்ணத்துக்கு ஒரு வாய் குடுங்க. உங்க கால்ல விழறேன்."

அவர் முகம் வெளுத்தது, உடனே சிவந்தது. "அது மீன் மருந்து. மனுஷனுக்கு ஆகாது."

"நாக்குல வச்சுப் பாத்தேங்க ஐயா."

எழுந்து வந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொரு தடவ அந்தப் பேச்சு உன் வாயில வந்திச்சி, ஒன் தங்கச்சி நடிக்கிறா, வேலைக்குப் போகாம படுத்திருக்கான்னு மொரிதாகிட்ட சொல்லிடுவேன். பொம்பளைங்களையும் ஏத்துறான், தெரியுமில்ல? போ."

வந்தேன். அழுதுகொண்டே தொட்டித் தண்ணீரை இறைத்தேன். வாளியை வடிகாலில் கவிழ்க்கப் போனவள் அப்படியே நின்றேன். ஊற்றின கொய்னா எங்கே போகும்? இந்த வாளியில்தானே இருக்கிறது! தண்ணீர்தான் அதிகம். தண்ணீர் அதிகமென்றால் வற்றவைக்க எங்கள் பெண்டுகளுக்குத் தெரியாதா? எட்டுப் பங்கை ஒரு பங்காக வற்றக் காய்ச்சித்தானே எந்தக் கசாயமும் வைக்கிறோம்.

பங்களாத் துணிகளை வெள்ளாவி வைக்கிற அண்டா என் வசம்தான் இருந்தது. பின்கட்டில் அடுப்பெரிந்தால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். தொட்டித் தண்ணீரைப் புடவைத் துணியில் வடிகட்டி அண்டாவில் ஊற்றினேன். ரப்பர் விறகைத் தள்ளித் தள்ளி எரித்தேன். எட்டிலொரு பங்கோடு நான் விடவில்லை. அண்டாத் தண்ணீர் சட்டிக்கு வந்து, சட்டித் தண்ணீர் ஒரு டம்ளருக்கு வந்தது. நாற்றமென்றால் நாற்றம், குடலைப் பிடுங்கும். நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது.

"என்னாக்கா இது, குட்ட நாத்தம் நாறுது?" என்றாள் சொர்ணம்.

"மூக்கப் புடிச்சிக்கிட்டுக் குடி. கேள்வி கேக்காத."

முதல் தடவை வாந்தி எடுத்துவிட்டாள். மறுநாள் பாதி உள்ளே தங்கியது. அடுத்தடுத்து முழுதும் தங்கியது. மீன் கழித்ததும் தின்றதும் எல்லாம் சேர்ந்த கசாயம் என் தங்கை வயிற்றுக்குள் போனது. நடுக்கம் வரவேண்டிய நாளில் லேசாக வந்து போயிற்று. அடுத்த முறை வரவேயில்லை. ஒருநாள் காலை, "பசிக்குதுக்கா" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்க நான் எத்தனை தெய்வத்தை வேண்டியிருப்பேன்!

ஆனால் மீன்களும் பிழைத்துக்கொண்டிருந்தன. அதுதான் சங்கடம். தொட்டியில் செடிகொடியெல்லாம் மருந்தில் கருகிப் போனாலும் மீன்கள் பளபளவென்று திரிந்தன. ராஜசேகரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு மொரிதா கொடுத்த சிகரெட்டைப் பிடித்தார். இன்னும் கொஞ்சநாள் ஊற்றிவிட்டு நிறுத்திவிடலாம் என்றார். சொர்ணம் இப்போதுதான் எழுந்து உட்காருகிறாள். அடியில் போய்ப் பெருகித் திரும்ப வரும் என்று இந்த மனுஷனே சொல்லியிருக்கிறார். மீனுக்கு அப்படியென்றால் மனுஷனுக்கும் அப்படித்தானே? லயத்தில் வேறு இரண்டு வீட்டில் காய்ச்சல் கண்டிருந்தது. அவர்களும் வாசம் பிடித்துக்கொண்டு டம்ளரோடு வந்து நின்றார்கள்.

மீன்கள் சாகவும் கூடாது, குணமாகவும் கூடாது. அப்படியொரு வேண்டுதலை மாரியம்மன் அதற்கு முன் கேட்டிருக்கமாட்டாள். ஆத்தா, இன்னும் கொஞ்ச நாளைக்கு மீனிடத்திலேயே இரு தாயே என்று கும்பிட்டேன். கும்பிட்டதோடு விடவில்லை. பின்கட்டு மண்ஜாடியில் கறுப்பு மீன் இருந்ததல்லவா, அதன் அடித்தண்ணீரை ஒரு குவளை மொண்டு வந்து பெரிய தொட்டியில் ஊற்றினேன்.

மீன்கள்மேல் மறுபடி ரவை தூவின மாதிரி புள்ளிகள். ராஜசேகரன் பூதக்கண்ணாடியோடு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். படித்ததெல்லாம் பொய்யாகிப் போன மாதிரி விழித்தார். மொரிதா அவர் தொப்பி பறக்க ஓர் அறை விட்டான். நான் தலையைக் குனிந்துகொண்டு தரையைத் துடைத்தேன். சிரிப்பை அடக்க அப்படி ஒரு பாடு. மறுநாள் பாட்டிலில் மருந்து இரட்டிப்பாக வந்தது. என் டம்ளரும் கனத்தது.

புள்ளி மறைந்து அவர் நெஞ்சை நிமிர்த்தும்போதெல்லாம் நான் ஒரு குவளை ஊற்றினேன். தனக்கென்று பதுக்கிய கொய்னாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கையாலேயே அளந்து லயத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார் ராஜசேகரன். அதை அறியாமல் கொடுத்தார் என்பதால் அவருக்கு அதில் புண்ணியம் இல்லை. கடைசியில் ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலைக் கடக்கும்போது, உள்ளே டின்னின் அடியைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம் கேட்டது. அதற்குள் சொர்ணம் தண்ணீர்க் குடம் தூக்குமளவுக்குத் தேறிவிட்டாள். நான் குவளையைக் கவிழ்த்து வைத்தேன். மீன்கள் குணமாகிவிட்டன.

மொரிதாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, டிரெஸ்ஸரின் தோளைத் தட்டி, "டொக்டோர் பாகுஸ்!" என்றான். நல்ல டாக்டராம். அந்தப் பட்டத்துக்காகத்தானே மனுஷன் பிறவியே எடுத்தார். முகம் பூரித்து நின்றார். அடுத்த வாரமே மொரிதாவைச் சயாமுக்கு மாற்றினார்கள். அங்கே பாதை போடும் ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் சாகிறார்களாம், நல்ல டாக்டர் வேண்டுமாம். இத்தனை நல்ல டாக்டரை லாயாங் லாயாங்கில் விட்டுப் போவானா அவன்? சமையலுக்கு வீரமுத்துவையும், வைத்தியத்துக்கு ராஜசேகரனையும் ரயிலேறச் சொன்னான். எந்த ஊருக்குப் பயந்து டின்னைக் காலி செய்தாரோ, அந்த ஊருக்கே கெட்டிக்காரத்தனம் அவரைக் கொண்டு போனது.

எனக்குக் குளிர்ந்தது மனசு. ஆனால் சொர்ணம் வேறு கணக்குப் போட்டிருந்தாள். அவள் பங்குக் கசாயத்தில் கடைசி கடைசியாக வந்ததைக் குடிக்காமல் ஒரு சின்ன பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறாள். எனக்கே தெரியாது. டிரெஸ்ஸரிடம் வேலுவுக்குக் கொடுத்தனுப்ப வேண்டுமாம்.

"யாருகிட்ட? இந்த ஆளுகிட்டயா? ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? வீரமுத்துகிட்ட குடு" என்றேன்.

"வீரமுத்து சமையக்கட்டுல கெடப்பான். ஆஸ்பத்திரியில இருக்கறவருதான காய்ச்சக்காரங்களப் பாப்பாரு."

"அவரே குடிச்சிடுவாருடி."

"குடிச்சாலும் குடிக்கட்டும்கா. குடுக்காமயே இருந்தா அதுக்குக் கெடைக்கவே கெடைக்காதே."

ரயில் நிலையத்துக்குப் போனோம். ராஜசேகரன் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் மொரிதாவின் மீன் ஜாடி. தண்ணீர் தளும்பிக் கால்சட்டை நனைந்திருந்தது. சொர்ணம் பாட்டிலை நீட்டினாள்.

"ஐயா, எங்க வூட்டுக்காரு வேலு அங்கதான் இருக்காரு. பாத்தீங்கன்னா இத குடுங்க. கசாயம்."

வாங்கி மூடியைத் திறந்து மோந்தார். கசப்பும் குட்டை நாற்றமும் மூக்கில் ஏறியிருக்கும். பாட்டிலைப் பார்த்தார், மீன் ஜாடியைப் பார்த்தார், தேறி நிற்கும் சொர்ணத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. வாய் திறந்து திறந்து மூடியது. மொரிதா பக்கத்திலேயே நின்றான். பாட்டிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ரயில் நகர்ந்தது. சொர்ணம் கைகூப்பியபடி நின்றாள்.

ஜப்பான்காரன் தோற்று ஓடிய பிறகு வீரமுத்து திரும்பி வந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். சொர்ணம் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, கிம்மாஸ் தாண்டுனதுமே ஐயா பாட்டில எடுத்துட்டாரு. கொஞ்சங் கொஞ்சமா வாயில ஊத்திக்கிட்டாரு. நான் எதிர்ல ஒக்காந்து பாத்துக்கிட்டே வந்தேன்."

"வேலு?"

"எங்க கேம்ப்புலதான் இருந்தாப்ல. நாங்க போறப்ப காய்ச்சலு. உசுரு இருந்திச்சி. ஐயாவப் பாத்து, எங்க ஊரு டாக்டரு வந்துட்டாருன்னு கையத் தூக்குனாப்ல. அவருகிட்ட குடுக்க என்னா இருந்திச்சி?" அவன் முகத்தை மூடிக்கொண்டான். "நான்தாங்க்கா பொதைச்சேன்."

இதை இத்தனை வருஷமும் வெளியில் விடாமல் வைத்திருந்தேன். சொர்ணம் போன தை மாதம் போய்ச் சேர்ந்தாள். இனி யாருக்கும் வலிக்காது என்றுதான் எழுதுகிறேன்.

வேலு இறந்ததை மட்டும் வீரமுத்து அவளுக்குச் சொன்னான். பாட்டிலைப் பற்றி நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோதே ராஜசேகரனும் திரும்பி வந்துவிட்டார். இளைத்திருந்தார். மற்றபடி அதே தொப்பி. லயத்து வாசலில் கூட்டம் கூடியது. சொர்ணம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். நானும் வீரமுத்துவும் பின்னாலேயே ஓடினோம்.

"ஐயா, எங்க வூட்டுக்காரரப் பாத்தீங்களா? பாட்டிலு?"

ராஜசேகரன் ஒரு நொடி என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் நின்ற வீரமுத்துவையும் பார்த்தார். எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்தது. சொல்லட்டும், பொய் சொல்லட்டும், இந்தக் கூட்டத்துக்கு நடுவில் கிழித்துப் போடுகிறேன் என்று நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"பாத்தேன்" என்றார். "என் கையாலதான் ஊட்டுனேன். சொர்ணம் குடுத்து விட்டாளான்னு கேட்டான். முழுசும் குடிச்சான். விதி, அதுக்கு மேல இருக்கல."

"கசப்பா இருக்குன்னு மொகத்தச் சுளிச்சிருக்குமே?"

"சுளிச்சான். ரொம்பச் சுளிச்சான்."

சொர்ணம் சிரித்தாள். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருக்க, வாய்விட்டுச் சிரித்தாள். வேலுவை லாரியில் ஏற்றின நாளுக்குப் பிறகு நான் அந்தச் சிரிப்பைக் கேட்கவே இல்லை. "அது அப்பிடித்தான்கா, வேப்பம்பூ ரசத்துக்கே அப்பிடி சுளிக்கும்" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னாள். பிறகு தரையில் விழுந்து ராஜசேகரனின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள்.

அவள் தலைக்கு மேலாக அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். வீரமுத்து வாயைத் திறந்தான். நான் அவன் கையை நகம் பதிய இறுக்கிப் பிடித்தேன்.

அன்று சாயங்காலம் சொர்ணம் கிழங்கு அவித்து, தேங்காய் துருவிப் போட்டு, டாக்டர் ஐயாவுக்குக் கொடுத்துவிட்டு வா அக்கா என்றாள். கொண்டு போய்க் கொடுத்தேன்.